குளத்தடியிலிருந்து கலையகத்துக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர். அங்குள்ள குளத்தில் கட்டட இடிபாடும் கோழிக்கடைக் கழிவும் கொட்டப்படுகின்றன. ஒரு கரையை யாரோ சிறிது சிறிதாக மண் போட்டுத் தூர்த்து வருகிறார்கள். ஊர் இளைஞர்கள் பதினைந்து பேர் குளத்தை மீட்கவேண்டும் என்று கூடியிருக்கிறீர்கள். "உள்ளூர் வானொலியில் விளம்பரம் கொடுக்கக் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறோம். கொடுத்தால் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல ஆண்டுகள் வெளியிலிருந்து வானொலிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தவன். பிறகு கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இதே அலுவலில் கை கொடுத்தவன். அதனால் நேரே சொல்கிறேன்: காசை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். வானொலியால் பயன் உண்டு, ஆனால் விளம்பரத்தால் வரும் பயன் சொற்பம். குளத்தடியில் வாழும் ஒருவரின் குரல் ஒலிபரப்பில் போகவேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பது, பேசவைப்பது, பேசிய பிறகு அவருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வது, இவைதான் உங்கள் வேலையில் முக்கால்வாசி.

முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1990க்குப் பின், போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் மற்றவர்கள் செய்தி கேட்ட காலம் அது. சுற்றுபவரின் கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரலும் தளரும். அப்படிக் கேட்டவர்கள் வானொலியில் வரும் சொல்லை இன்றும் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறார்கள். உங்கள் வயதினர் அப்படி இல்லை. புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் எஃப்எம் வசதியே கிடையாது, இருந்தாலும் காதுக்கருவியின் வயரைச் செருகினால்தான் அலை பிடிக்கும். ஆகவே இளைஞர்களைத் திரட்ட வானொலியை நம்பவேண்டாம், அதற்கு வட்ஸ்அப் போதும். வானொலி இப்போது ஒலிக்கும் இடங்கள் வேறு: குசினி, தையல் கடை, சலூன், தேநீர்க்கடை, மினிபஸ், முச்சக்கரவண்டி. குளத்தில் கழிவு கொட்ட உழவு இயந்திரப் பெட்டியை வாடகைக்கு விடுகிறவரும் இந்த இடங்களில் ஒன்றில்தான் இருப்பார் என்பதை மறக்கவேண்டாம்.

இதை ஊகித்துக்கொண்டிராமல் ஒரு நாள் செலவிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு காலை ஐந்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை ஊரைச் சுற்றுங்கள். எந்தக் கடையில், எந்த நேரத்தில், எந்த நிலையம் ஒலிக்கிறது என்று எழுதுங்கள். நாங்கள் ஒரு கரையோர ஊரில் இதைச் செய்யாமல் விட்டோம். பிற்பகல் இரண்டு மணி இடம் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வாரம் விளம்பரம் போட்டோம். விடிய முன்னர் கடலுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் நித்திரை. ஏன் மலிவு என்று விளங்க எங்களுக்கு ஒரு வாரமும் கொஞ்சம் காசும் செலவாயிற்று.

"நாமே ஓர் அலைவரிசை தொடங்கினால் என்ன?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருப்பார். எந்தக் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். கடலுக்கு அந்தப் பக்கம், பாம்பனில், மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 2016 முதல் 90.4இல் இயங்குகிறது. அது இந்தியா 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி உரிமத்தைத் திறந்துவிட்டதால் வந்த வசதி. இங்கே சமுதாய வானொலிக்கென்று தனி உரிம வகை கிடையாது. ஒலிபரப்பு உரிமம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வழியாக வரவேண்டும், அலைவரிசை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமிருந்து வரவேண்டும். 1989இல் தொடங்கிப் பெயர் பெற்ற கொத்மலை சமுதாய வானொலிகூட இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ் நடந்ததுதான். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிப் பார்ப்பது குற்றம். அந்தக் கதையை இத்துடன் விடுங்கள்.

இருக்கும் நிலையங்களுக்குள் நுழைய விளம்பரத்தைத் தவிர வேறு வாசல்களும் உண்டு. செய்திப் பிரிவு, காலை நேர நேர்காணல், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி, பெண்களுக்கான நேரம், விவசாய நேரம், பொது அறிவித்தல். இவற்றில் பெரும்பாலானவை காசு கேட்பதில்லை. தயாரிப்பாளருக்கு நாளாந்தம் மணிக்கணக்கான நேரத்தை நிரப்பவேண்டிய தலையிடி இருக்கிறது. அவருடைய தலையிடியைக் குறைக்கிறவராக நீங்கள் போனால் கதவு திறக்கும். ஐந்து பக்க மகஜரோடு போனால் அதை வாங்கி மேசையில் வைப்பார், அது மேசையிலேயே இருக்கும். ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். என்ன நடக்கிறது என்று நான்கு வரி, பேசத் தயாராக இருக்கும் இரண்டு பேரின் விபரம், பொறுப்பான அலுவலகத்தின் பெயர், இதை ஏன் இந்த வாரம் ஒலிபரப்பவேண்டும் என்ற காரணம். கடைசி விடயம் இல்லாவிட்டால் 'பிறகு பார்ப்போம்' என்ற பதில்தான் வரும்.

கொழும்பிலிருந்து நாடு முழுவதற்கும் ஒலிபரப்பும் தமிழ் நிலையங்களுக்கு உங்கள் குளம் ஒரு சிறிய புள்ளி. அவர்களிடம் யாழ்ப்பாணச் செய்தியாளர் வழியாகப் போவதே நல்லது, கிடைப்பது முப்பது விநாடிச் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. நீண்ட உரையாடலுக்கு இங்கே கலையகம் வைத்திருப்பவர்களை நாடுங்கள்.

பொறுப்பான அலுவலகம் என்றேன். இதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. குளம் யாருடையது? வயலுக்கு நீர் பாயும் சிறு குளம் என்றால் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஊர்ப் பொதுக்குளமோ கேணியோ என்றால் பிரதேச சபையாக இருக்கலாம், கோயிலாகவும் இருக்கலாம். குப்பை அள்ளுவது எப்படியும் பிரதேச சபையின் வேலை. இதைத் தெளிவாக்காமல் வானொலியில் "அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை" என்று சொன்னால், எல்லா அதிகாரிகளும் அது மற்றவரைப் பற்றியது என்று நிம்மதியாக இருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்: இந்தக் குளம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, எல்லை கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்கவேண்டும். முத்திரை குத்திய பதில் கையில் இருந்தால் நிலையத்தின் செய்தி ஆசிரியர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு செய்திதான்.

இனிக் குரலுக்கு வருகிறேன். உங்கள் தலைவர் பேசக்கூடாது. அவர் நல்லவராக இருக்கலாம், நன்றாகவும் பேசலாம். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டதும் "நிலத்தடி நீர்வளத்தைப் பாதுகாப்பது தொடர்பான விழிப்புணர்வை ஏற்படுத்தும் முகமாக" என்று தொடங்கிவிடுவார். அந்த வாக்கியம் முடியும்முன் சலூன்காரர் வேறு நிலையத்துக்கு மாற்றியிருப்பார்.

ஒரு கடற்கரை ஊரில் எங்களுக்கு நடந்தது இது. கணவரின் வலைகள் இழுவைப் படகில் சிக்கிப் போய்விட்ட ஓர் அம்மா. சங்கக் கட்டடத்தில் கதிரை போட்டு இருத்தி ஒலிப்பதிவு செய்தோம். "மேற்படி விடயம் தொடர்பாக நாங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம்" என்றார், மனு எழுதுகிறவரைப்போல. நல்ல சேலை உடுத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்தச் சேலைதான் அப்படிப் பேசவைத்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்த நாள் காலை வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லி, கைத்தொலைபேசியைப் பக்கத்தில் கவிழ்த்திருந்த சட்டியின் மேல் வைத்தேன். "கடன் கொடுத்த கடைக்காரர் இப்போது என்னைக் கண்டால் பேசாமல் போகிறார். கேட்டாலாவது பரவாயில்லை" என்றார். செதில் உரியும் சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு வரி. பதினொரு நிமிடம் பேசினார், ஒலிபரப்பில் போனது ஐம்பது விநாடி. அந்த ஐம்பது விநாடிக்குப் பிறகு தயாரிப்பாளரே எங்களைத் தேடி அழைத்தார்.

உங்கள் ஊரில் அந்த ஆள் யார் என்பது எனக்குத் தெரியாது. குளத்துக்கு மிக அருகில் கிணறு வைத்திருப்பவராக இருக்கலாம், மாடு வளர்ப்பவராக இருக்கலாம். தேடும்போது நீண்ட கேள்விகள் கேட்காதீர்கள். "முன்பு பங்குனியில் உங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கடினம். ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தென்னோலையில் காற்று அடிக்கும் சத்தம் கேட்டால் நல்லது, ஒலிவாங்கியிலேயே காற்று அடித்தால் பதிவு பாழ். முடிவில் வாளி கிணற்றில் விழுந்து நீர் தொடும் ஒலியைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். நீர் இறங்கிய கிணற்றில் அந்த ஒலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதே ஒரு பேச்சு.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, குளம் அந்த மழையைத் தேக்கி மெல்ல இறங்க நேரம் கொடுக்கிறது. அதே வழியால் அழுக்கும் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நியமம். தோட்ட உரமும் மலக்குழியும் சேர்ந்து இங்கே பல கிணறுகளை அந்த எல்லைக்கு மேல் தள்ளியிருக்கின்றன, குளத்துக் கழிவு அந்தச் சுமையைக் கூட்டும். இதை இப்படியே வானொலியில் சொன்னால் 'மில்லிகிராம்' என்ற சொல்லோடு கேட்பவர் போய்விடுவார். வேறு விதமாகச் சொல்லுங்கள்: தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று நம்பியிருக்கும் தாய் அங்கே அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பார். இதைச் சொல்லப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ மருத்துவரையோ அழையுங்கள், நீங்களே சொல்லவேண்டாம். உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கை இல்லாமல் "எங்கள் கிணறு நஞ்சாகிவிட்டது" என்றும் சொல்லவேண்டாம். ஊரில் காணி விலை விழுந்தது உங்களால்தான் என்று ஒரு புதிய சண்டை தொடங்கும்.

அரச அலுவலரை அழைப்பதென்றால் இரண்டு வாரம் முன்னதாகவே கடிதம் கொடுங்கள். ஊடகத்தில் கருத்துச் சொல்ல, அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவைப்படி அவர்களுக்கு மேலிட அனுமதி வேண்டும். நேரலையில் திடீரென்று அழைத்து மாட்டிவிடுவது கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் உங்கள் கோப்பு நகராது.

சொற்களில் ஒரு கவனம். உங்கள் குறிப்பில் "எங்கள் இயக்கம்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அது சாதாரணச் சொல். இங்கே அது போர்க்கால ஆயுதக் குழுக்களை நினைவூட்டும் சொல். யாழ்ப்பாணத்து வானொலியில் "இளைஞர்கள் இயக்கம் தொடங்கியிருக்கிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அரைவாசி வீடுகளில் தாய்மார் திடுக்கிடுவார்கள். 'குழு' என்று சொல்லுங்கள், 'முயற்சி' என்று சொல்லுங்கள். 'போராட்டம்' என்ற சொல்லையும் அளந்து பயன்படுத்துங்கள்.

பேசுகிறவரின் பாதுகாப்பும் இதில்தான் வருகிறது. பெயரை மறைத்தாலும் ஊர்ச் சனத்துக்குக் குரல் தெரியும். குளத்தைத் தூர்க்கிறவர் அவருடைய வேலிக்கு அடுத்தவராக இருக்கலாம், உறவாகவும் இருக்கலாம். ஒலிபரப்பும்முன் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை வெட்டிவிடுங்கள். தனி ஆளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டவே வேண்டாம். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்குக்கு வழி இருக்கிறது, நிலையமும் அதைக் காரணம் காட்டி உங்களைக் கைகழுவிவிடும். "கரை இத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது" என்று அளந்து சொன்னால் போதும், யார் என்று ஊருக்குத் தெரியும். அதே பதிவை முகநூலில் போடும்போது இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் குறுக்கே வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

காலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மழை இங்கே பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மார்கழியில் குளம் நிறைந்திருக்கும்போது கழிவைப் பற்றிப் பேசினால் யார் கண்ணுக்கும் தெரியாது. கிணறு இறங்கும் பங்குனி, சித்திரையில் நீங்கள் கண்டுபிடித்தவரின் குரல் போகட்டும். அதற்கு மாசியிலேயே தகவல் கோரிக்கை போயிருக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் எதையும் வைக்கவேண்டாம், சனமும் அங்கே, நிலையங்களும் அங்கே. தீர்த்தம் முடிந்து ஐப்பசி மழைக்கு முன்னர் சிரமதானம், அதாவது ஊர் கூடிக் குளத்தைத் துப்புரவாக்கும் வேலை. அதற்கும் குளத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே நாளை வானொலியில் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் மண் அள்ளினால் மண் திருட்டு என்று முறைப்பாடு போகும். இடையில் தேர்தல் அறிவிக்கப்பட்டால் அமைதியாக இருங்கள். தேர்தல் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல்கள் வந்ததும் நிலையங்கள் பயந்து எல்லாவற்றையும் ஒத்திப்போடும். வேட்பாளர்கள் குளக்கரையில் படம் எடுக்க வருவார்கள், அதுதான் பெரிய தொல்லை.

சிரமதானத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்கு மட்டும் உங்கள் காசை எடுத்து விளம்பரம் கொடுங்கள். சமூக சேவைக்கான சலுகை விலையைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொற்கள் போகும் என்பது என் கைக்கணக்கு. முப்பது விநாடிக்கு நாற்பத்தைந்துக்கு மேல் எழுதாதீர்கள். அதிலும் பத்தைக் குறைத்துவிட்டால் வாளி விழும் ஒலிக்கு இடம் கிடைக்கும். இப்படி இருக்கலாம்:

"நான் இந்தக் குளத்தடியில் பிறந்தவள். என் தகப்பனார் மாடு குளிப்பாட்டிய துறையில் இப்போது கோழிக்கழிவு மிதக்கிறது. பங்குனிக்கே என் கிணறு வற்றிவிடுகிறது. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளத்தடிக்குப் போகிறேன். என்னிடம் ஒரு மண்வெட்டி இருக்கிறது. நீங்களும் ஒன்று கொண்டுவாருங்கள்."

ஊரின் பெயரையும் நாளையும் அறிவிப்பாளர் அதன்பின் இரண்டு தடவை சொல்லட்டும். பின்னணி இசை வேண்டாம். சோகமான புல்லாங்குழல் போடுவார்கள், மறுத்துவிடுங்கள்.

நேயர்கள் பேசும் நேரலை கிடைத்தால் முன்னரே தயாரிப்பாளரோடு ஒரு ஒப்பந்தம் செய்யுங்கள். எங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் கிடைத்தது. இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு உறவுகள் வரிசையாக அழைத்து, நிகழ்ச்சியை வாழ்த்தி, தங்கள் இளமைக்காலக் குளத்தை நினைவுகூர்ந்து, அறிவிப்பாளரின் குரலைப் புகழ்ந்து முடித்தபோது நிலையத்தின் விளம்பர நேரம் வந்துவிட்டது. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவரும் உள்ளே வரமுடியவில்லை. அன்பை மறுக்க முடியாது, ஆனால் மண்வெட்டி பிடிக்கக் கனடாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. முதல் பதினைந்து நிமிடம் உள்ளூர் அழைப்புகளுக்கு மட்டும் என்று கேளுங்கள். ஊரிலிருந்து மூன்று பேரை அழைக்கத் தயாராக வையுங்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு உடன்படாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, தொலைபேசி இலக்கம். நாங்கள் ஒரு நிகழ்ச்சியில் சங்கச் செயலாளரின் இலக்கத்தைக் கொடுத்தோம். அவர் ஆசிரியர், காலை எட்டு மணிக்கு வகுப்புக்குள் போய்விட்டார், தொலைபேசி மேசை லாச்சிக்குள். இடைவேளையில் பார்த்தபோது பத்தொன்பது தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்ததில் பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் உழவு இயந்திரம் இலவசமாகத் தர நினைத்தவர், "நீங்கள் எடுக்காததால் வேறு அலுவலுக்கு அனுப்பிவிட்டேன்" என்றார். உங்கள் பதினைந்து பேரில் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் யார் என்று இன்றே பாருங்கள். அவருக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அழைக்கிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவருடைய அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். அவர் குளிக்கப் போகும் நேரத்தில்தான் முதல் அழைப்பு வரும்.